நேரத்தைக் குறையுங்கள், ஆட்டத்தைக் குறைக்காதீர்கள்: பாலே குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலே குழுக்களின் இயக்குநர்களுக்கும், அரங்கங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சின்னப் பிள்ளைகளை முதன்முதலாக பாலே பார்க்கக் கூட்டி வருகிற பெற்றோர்களில் ஒருத்தியாக இதை எழுதுகிறேன். என் மகள், அக்கா பிள்ளைகள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த சிநேகிதர்கள் என்று பல பிள்ளைகளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். திரை விலகும்போது மேடையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்ப்பது என் வழக்கம். உங்களுக்கு அந்த முகங்கள் தெரிய வாய்ப்பில்லை. மேடையில் நின்று பார்த்தால் அரங்கம் வெறும் இருட்டுதான். அதனால்தான் இந்த மடல்.

கேட்க வந்தது ஒன்றுதான். குழந்தைகளுக்கென்று ஒரு காட்சி வைத்தால் நேரத்தைக் குறையுங்கள். ஆட்டத்தைக் குறைக்காதீர்கள்.

நான் பார்த்த பல இடங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. பெரியவர்களுக்கான முழுநீளக் காட்சிக்கு ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்து வரலாம் என்று போட்டுவிடுகிறீர்கள். 'சிறுவர் சிறப்புக் காட்சி' என்று தனியாக ஒன்று வைத்தாலோ, இசைக்குழு இருக்காது, ஒலிப்பதிவுதான். நான்கைந்து பேர் ஆடுவார்கள். பின்னால் ஒரே ஒரு படுதா. கதை சூடுபிடிக்கிற நேரத்தில் ஒருவர் மைக்கோடு வந்து "எல்லாரும் சத்தமா சொல்லுங்க பார்ப்போம்" என்பார். பிள்ளைகள் கத்துவார்கள், சிரிப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள். பாலே என்றால் இவ்வளவுதான் என்று அவர்கள் மனதில் பதிந்துபோகிறது. குழந்தைகள்தானே, இது போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

நீளத்தைப் பற்றி முதலில் பேசுவோம். 'ஸ்லீப்பிங் பியூட்டி' ஒரு முன்காட்சியும் மூன்று அங்கங்களும் கொண்டது. இடைவேளைகளோடு சேர்த்தால் மூன்று மணி நேரத்தைத் தொடும். 'ஸ்வான் லேக்' நான்கு அங்கம். 'நட்கிராக்கர்' இரண்டே அங்கம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்பதால் முதல் பாலேவாக எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாதது இல்லை. போஸ்டரில் நீங்கள் போடுவது சுகர் பிளம் தேவதையின் படம். பிள்ளை அவளுக்காகத்தான் வருகிறது. அவளோ இரண்டாம் அங்கத்தில்தான் வருவாள், அவளுடைய பெரிய ஆட்டம் கிட்டத்தட்ட முடிவில்தான். 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரியின்ஸ்கி அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியபோதே, முதன்மை நடனக்காரி இவ்வளவு தாமதமாகவா ஆடுவது என்று குறைப்பட்டார்கள். நாலு வயதுப் பிள்ளை அதற்குள் தூங்கிவிடுகிறது, இல்லையென்றால் "எப்பம்மா வருவாங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிடுகிறது. எந்த அங்கம் எத்தனை நிமிடம், இடைவேளை எப்போது, போஸ்டரில் இருக்கிற ஆள் எப்போது வருவார் என்பதை டிக்கெட் வாங்கும் இடத்திலேயே சொல்லிவிட்டால், பிள்ளையை அதற்கு ஏற்ப நாங்கள் தயார் செய்துவிடுவோம். முதல் பாதியில் எலிகளும் பொம்மைச் சிப்பாய்களும், தேவதை கடைசியில் என்று தெரிந்த பிள்ளை எவ்வளவு பொறுமையாக இருக்கும் தெரியுமா?

சுருக்குவது கலைக்குச் செய்கிற துரோகம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோபியெவ் 1936-இல் மாஸ்கோவில் ஒரு குழந்தைகள் அரங்குக்காக 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையை எழுதினார். அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹார்ன்களைக் கொடுத்தார், பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ. கேட்கப்போவது குழந்தைகள் என்று வாத்தியத்தில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை வாசிக்கிறார்கள், ஆடுகிறார்கள். இங்கிலாந்தில் நார்தர்ன் பாலே 2012-லிருந்து சின்னப் பிள்ளைகளுக்கென்றே சுமார் நாற்பது நிமிட பாலேக்களை அமைத்து வருகிறது. அதே ஆண்டில் இங்கிலிஷ் நேஷனல் பாலே, பெரிய பாலேக்களைச் சுருக்கி, கதைசொல்லி ஒருவரை வைத்து, சிறுவர்களுக்கான ஒரு வரிசையைத் தொடங்கியது. மைக்கோடு வந்து கத்தச் சொல்கிறவரைப் பற்றி மேலே சொன்னேனே, நல்ல கதைசொல்லி அவரைப் போன்றவர் இல்லை. எப்போது பேசவேண்டும், எப்போது ஆட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

புதிதாக அமைக்கப் பணம் இல்லையா? சரி, இருப்பதிலிருந்து எடுங்கள். 'ஸ்வான் லேக்'கின் இரண்டாம் அங்கம், ஏரிக்கரைக் காட்சி, தனியாகவே நிற்கும். அதை மட்டும் ஆடுகிற வழக்கம் வெகுகாலமாக இருக்கிறது. நான்கு குட்டி அன்னங்கள் கையைக் குறுக்கே கோத்துக்கொண்டு ஒரே அடியாக நகர்கிற அந்த ஆட்டத்தைப் பார்த்த பிள்ளைகள், வெளியே வந்ததும் வராந்தாவிலேயே கைகோத்து ஆடிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். முழு பாலேதான் வைப்போம் என்றால் 'கோப்பேலியா' வையுங்கள். 1870-இல் பாரிஸில் வந்தது. பொம்மையை உயிருள்ள பெண் என்று நம்புகிற கதை. பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டாம். பிரெடெரிக் ஆஷ்டன் 1960-இல் அமைத்த 'லா ஃபீய் மால் கார்டே'யில் சேவலும் கோழிகளும் ஆடும், அம்மா வேடத்தில் ஒரு ஆண் மரக்கட்டைச் செருப்போடு தட்டித் தட்டி ஆடுவார். யாரும் சாகமாட்டார்கள். முதல் பாலேவுக்கு என் தேர்வு இந்த இரண்டும்தான், 'நட்கிராக்கர்' மூன்றாவதாகத்தான் வரும்.

சாவு என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கே பயமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 'ஜிசெல்'லின் இரண்டாம் அங்கம் முழுக்க ஆவிகள், அதைப் பெரியவர்கள் தெரிந்துகொண்டு தவிர்த்துவிடலாம். ஆனால் எல்லோரும் கூட்டி வருகிற 'நட்கிராக்கர்' எலிப் போரில் துப்பாக்கி வெடிக்கிற சத்தம் வரும் என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? எலி ராஜாவைப் பார்த்து அழுத பிள்ளைகளைவிட அந்த ஒரு வெடிச்சத்தத்துக்கு அழுத பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால் அழுகை வருகிற இடம் ஒன்று உண்டு. விளக்கு அணைகிற நேரம். மேடையில் இன்னும் யாரும் இல்லை, திரை மூடியிருக்கிறது, திடீரென்று கும்மிருட்டு. பெரியவர்களுக்கு அது இன்பமான எதிர்பார்ப்பு, மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் முகம் காணாமல் போன நேரம். ஒரேயடியாக அணைக்காமல் முன்னிசை வாசிக்கும்போது மெல்ல மெல்ல மங்கச் செய்தால் என்ன? 'நட்கிராக்கர்' முன்னிசையில் செல்லோவும் டபுள் பாஸும் வாசிப்பதே இல்லை. கனமான வாத்தியங்களை இசையமைத்த சாய்கோவ்ஸ்கியே ஒதுக்கி வைத்துவிட்டு, குட்டிப் பொம்மைகள் நடப்பதுபோல இசையை எழுதியிருக்கிறார். அவ்வளவு மென்மையாகக் கதவைத் திறக்கிறார் அவர். நீங்கள் ஏன் பட்டென்று விளக்கை அணைக்கிறீர்கள்?

இசைக்குழு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இடைவேளையில் பாருங்கள், பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள் என்று. ஐஸ்கிரீம் இருக்கிற பக்கம் பாதிப் பேர்தான். மீதிப் பேர் மேடைக்கு முன்னால் இருக்கிற இசைக்குழுப் பள்ளத்தின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் பெரிய முரசின் மேல் காதை வைத்து, விரலால் லேசாகத் தட்டிச் சுருதி சேர்ப்பார். ஹார்ன் வாசிக்கிறவர் குழாயைக் கழற்றி உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கீழே கொட்டுவார். "அவர் துப்புறார்!" என்று ஒரு பையன் கத்த, அவர் நிமிர்ந்து பார்த்து, அது மூச்சுக்காற்று குளிர்ந்து தண்ணீரானது என்று சைகையிலேயே விளக்கினார். அந்தப் பையன் இரண்டாம் பாதி முழுக்க ஹார்ன் எப்போது வரும் என்று காத்திருந்தான். பியானோபோல விசைகளை அழுத்தினால் மணி ஒலி தருகிற செலஸ்டா என்ற வாத்தியத்தை சாய்கோவ்ஸ்கி பாரிஸில் கேட்டுவிட்டு, மற்ற ரஷ்ய இசையமைப்பாளர்களுக்குத் தெரிவதற்கு முன் ரகசியமாக வாங்கிவிடும்படி தன் பதிப்பாளருக்கு எழுதினார். இந்தக் கதையை நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுவேன். சுகர் பிளம் தேவதைக்கு அந்தக் கிண்கிணி ஒலி வந்ததும் "ரகசிய வாத்தியம்!" என்று என் கையை அழுத்துவார்கள். ஒலிப்பெருக்கியில் வருகிற இசையில் இந்த ரகசியம் எங்கிருந்து வருகிறது என்று நான் எதைக் காட்டுவேன்? முழு இசைக்குழுவும் முடியாது என்றால் ஒரு பியானோவும் இரண்டு மூன்று வாத்தியங்களும் போதும். கண்ணுக்குத் தெரிகிற மனிதர்கள் வாசிக்கவேண்டும், அவ்வளவுதான்.

சீட் விஷயம் சின்னதாகத் தோன்றும். சின்னது இல்லை. பிள்ளைகள் பார்க்க வருவது ஆடுகிறவர்களின் கால்களை. முதல் வரிசையில் உட்கார்ந்தால் மேடையின் விளிம்பு பாதத்தை மறைத்துவிடும், முழங்காலுக்கு மேல்தான் தெரியும். அதற்குத்தான் அதிக விலையும் வாங்குகிறீர்கள். பால்கனியின் முதல் வரிசையிலோ கைப்பிடிக் கம்பி சரியாகக் குழந்தையின் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். டிக்கெட் வாங்கும்போது நீங்கள் காட்டுகிற படம் பெரியவரின் கண் உயரத்திலிருந்து எடுத்தது. ஒரு மதியம் உங்கள் ஊழியர் ஒருவர் தரையோடு குனிந்து குழந்தை உயரத்தில் கேமராவை வைத்து நாலைந்து இடங்களிலிருந்து படம் எடுத்தால் போதும். அப்புறம் உயர்த்திக்கொள்ளும் மெத்தைகள். நுழைவாயிலில் பத்து இருந்தால் நூறு பிள்ளைகள் வருகிறார்கள். இதை விளக்கவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இனி, எனக்கு மிகவும் வருத்தமான ஒன்றைச் சொல்லவேண்டும். அமைதி.

பாலேவில் யாரும் பேசுவதில்லை, எல்லாம் கைச்சைகை என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக் கூட்டி வருவது என் பழக்கம். தலைக்கு மேலே இரண்டு கைகளையும் ஒன்றையொன்று சுற்றினால் 'ஆடு'. முகத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டால் 'அழகு'. மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் 'கல்யாணம்'. முஷ்டிகளை மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினால் 'சாவு'. பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் ஒருவரையொருவர் சாகச் சொல்லி விளையாடுவார்கள். இப்படித் தயாராகி வந்த ஆறு வயதுப் பெண் ஒருத்தி 'ஸ்லீப்பிங் பியூட்டி' முன்காட்சியில் உட்கார்ந்திருந்தாள். அழையாத தேவதை கரபோஸ் வந்தாள், தொட்டிலைக் காட்டினாள், இந்தக் குழந்தை வளருவாள், அழகாக இருப்பாள் என்று சைகை செய்தாள், விரலில் குத்துவதைக் காட்டினாள், பிறகு முஷ்டிகளைக் குறுக்கே வைத்தாள். "அய்யோ, பாப்பா செத்துடுமாம்!" என்றாள் எங்கள் வாண்டு. கொஞ்சம் சத்தமாகத்தான்.

ஒரு வார்த்தைகூட இல்லாத ஒரு முழு வாக்கியத்தை அவள் படித்துவிட்டாள். மேடையில் இருந்தவர் சொல்ல நினைத்தது அப்படியே அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்காகத்தானே ஆடுகிறீர்கள்? அரங்க ஊழியர் டார்ச் விளக்கோடு வந்து, இன்னொரு தடவை சத்தம் வந்தால் வெளியே போகவேண்டியிருக்கும் என்றார். அதற்குப் பிறகு அவள் மேடையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அது பிள்ளைகளுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்த பகல் காட்சி.

நடனக்காரர்களின் கவனம் சிதறக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஒற்றைக் கால் விரல் நுனியில் நிற்கிற ஒருவர் கண்ணில் செல்போன் பிளாஷ் அடித்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். மாலைக் காட்சியில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி இருக்கட்டும், அதற்காகப் பணம் கொடுத்தவர்களுக்கு அது நியாயம். பிள்ளைகளுக்கென்று விற்ற காட்சிக்கு மட்டும் வேறு நியாயம் வேண்டும். வியந்து சொல்கிற ஒரு வார்த்தை, 'ஸ்வான் லேக்'கின் கருப்பு அன்னம் முப்பத்திரண்டு தடவை சுழலும்போது கூடவே எண்ணுகிற வாய், கைதட்டல் முடிந்தும் நிற்காத ஒரு ஜோடிக் கை, இவையெல்லாம் தொந்தரவு ஆகாது. இதை ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காட்சி தொடங்குமுன் எல்லோரும் கேட்க அறிவித்துவிடுங்கள், பெற்றோர்களின் தோள் அப்போதே இறங்கிவிடும்.

உங்களால் இது முடியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் உங்களில் பல பேர் ஏற்கெனவே செய்கிறீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவும் மற்ற தேவைகள் உள்ளவர்களுக்காகவும் நடத்துகிற தளர்வான காட்சிகளில் அரங்கில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும், சத்தம் குறைத்திருக்கும், எழுந்து போய்விட்டுத் திரும்பி வரலாம், அமைதியாக இருக்க ஒரு அறை இருக்கும். அந்தக் காட்சிகளில் ஆட்டம் ஒரு துளியும் குறைவதில்லை. அவை அவர்களுக்காக அப்படியே இருக்கட்டும், அந்த இடத்தை நாங்கள் பிடித்துக்கொள்ளக்கூடாது. அங்கே கற்றதைச் சிறுவர் காட்சிக்கும் கொண்டுவாருங்கள் என்கிறேன். குறிப்பாகக் கதவு. பாத்ரூம் போன பிள்ளையை இடைவேளை வரை உள்ளே விடமாட்டோம் என்பது நாலு வயதுக்குப் பொருந்தாத விதி. பாலேவில் ஒவ்வொரு தனி ஆட்டத்துக்குப் பிறகும் கைதட்டலுக்கென்றே ஒரு நிறுத்தம் உண்டு. அந்த நேரத்தில் ஓரச் சீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்பிவிடலாம்.

இன்னும் ஒன்று, இதற்குச் செலவே இல்லை. விரல் நுனியில் நின்று ஆடப் போடுகிற பாயின்ட் ஷூ, தொழில்முறை நடனக்காரருக்கு ஒரு ஜோடி சில சமயம் ஒரே காட்சியில் தேய்ந்துவிடும். உங்கள் பின்கட்டில் அவை மூட்டையாகக் கிடக்கும். இரண்டை எடுத்து வரவேற்பறை மேசையில் வையுங்கள், ஒன்றைக் குறுக்காக வெட்டி வையுங்கள். முனையைத் தட்டிப் பார்த்து "உள்ளே இரும்பா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காய்ந்தது என்று தெரிந்ததும் அவர்கள் காட்சியைப் பார்க்கிற விதமே மாறிவிடுகிறது. 'தொப் தொப்' என்று பலகையில் இறங்குகிற அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துத் தேடுவார்கள். வீட்டுத் திரையில் அந்தச் சத்தம் இல்லை, ஆடி முடித்து நிற்கிறவரின் மார்பு ஏறி இறங்குவதும் இவ்வளவு கிட்டத்தில் தெரிவதில்லை. அதே வரவேற்பறையில் நீங்கள் விற்கிற பொருள்கள் எல்லாம் இளஞ்சிவப்புப் பாவாடையும் கிரீடமுமாக இருப்பதையும் கொஞ்சம் பாருங்கள். எங்களோடு பையன்களும் வருகிறார்கள்.

புகழ்பெற்ற ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவை எட்டு வயதில் அவருடைய அம்மா 'ஸ்லீப்பிங் பியூட்டி' பார்க்கக் கூட்டிப் போனார், அன்றே அவர் நடனக்காரி ஆவதென்று தீர்மானித்தார் என்ற கதையை உங்கள் விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கிறேன். நல்ல கதை. ஆனால் அவருக்கு வயது எட்டு, மூன்று இல்லை. அவர் பார்த்ததும் மரியின்ஸ்கியின் முழு மேடை. எங்கள் பிள்ளைகளில் யாரும் பாவ்லோவா ஆகவேண்டாம். அந்த மேடையில் நடப்பது நிஜம், அதைச் செய்பவர்கள் மனிதர்கள், அது நமக்காக நடக்கிறது என்ற ஒன்று மட்டும் அவர்களுக்குக் கிடைத்தால் போதும்.

எங்கள் பக்கத்திலும் செய்யவேண்டியது உண்டு, அதை நாங்கள் செய்கிறோம். முந்தின நாளே கதையைச் சொல்லிவிடுவோம், இசையில் இரண்டு துண்டு போட்டுக் காட்டுவோம். வயிறு நிறைந்து, பாத்ரூம் போய்விட்டுத்தான் உள்ளே வருவோம். நொறுக்குத்தீனிப் பொட்டலம் வெளியிலேயே இருக்கும். நடந்தால் விளக்கு எரிகிற செருப்பைப் போட்டு வரமாட்டோம். பயந்து அழுகிற பிள்ளையைப் பிடித்து வைத்துப் பார்க்கச் சொல்லமாட்டோம், தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவோம். திரும்பி வர ஒரு வழி இருக்கும் என்றால் இன்னும் சீக்கிரமே எழுந்துவிடுவோம்.

அடுத்த பருவத்துக்கான அட்டவணையை முடிவு செய்யுமுன் உங்கள் கூட்டத்தில் இந்த மடலை ஒரு தடவை படியுங்கள். அங்கங்களின் நேரம், வெடிச்சத்தம், குழந்தை உயரத்துப் படம், இந்த மூன்றையும் டிக்கெட் பக்கத்தில் சேர்க்க ஒரு வாரம் போதும், அதை இந்தப் பருவத்திலேயே செய்யலாம். வாத்தியம் வாசிக்கிறவர்கள் உள்ள ஒரு மணி நேரச் சிறுவர் காட்சிக்கு அதிக நாள் ஆகும் என்று புரிகிறது. எது முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று வெளிப்படையாகப் பதில் எழுதுங்கள். காலை பதினொரு மணிக்கு அப்படி ஒரு காட்சி வைத்துப் பாருங்கள். டிக்கெட்டை விற்றுத்தருகிற வேலையில் நானும் எனக்குத் தெரிந்த பெற்றோர்களும் உங்களோடு நிற்கிறோம்.

அன்புடன்,
பாலே பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஒரு தாய்